கூறை மாற்றப் போன பூச்சி

எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்ற வதந்தியைக் குடியேற்றத்தில் பரப்பியவன் நானேதான். இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.சி. சோதனையில் சித்தியடைந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிக்கு அப்பால் குளத்துக்குக் கீழே அரசாங்கம் காணி கொடுத்து உருவாக்கிய ஒரு குடியேற்றத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன். (மனேச்சர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடையில் நான் ஒருவன்தான். சீனி நிறுப்பதும் நான், மண்ணெண்ணெய் அளப்பதும் நான், கடையைக் கூட்டுவதும் நான்.) சனம் நிற்கும் நேரமாகப் பார்த்துப் பால்மாத் தகரப் பேணியில் இருக்கும் இங்கிலிஷை உரத்து வாசிப்பேன். "தம்பி, என்ன எழுதிக் கிடக்கு?" என்று யாராவது கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் சொல்வேன். பேணியில் இருந்தது ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்ற ஒரு வரிதான். என் விளக்கம் முடிவதற்குள் பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள்.

இவ்வளவும் ஒரு காதில் போய் விழ வேண்டும் என்பதற்காக. அது மயில்வாகனத்தாரின் மகள் பரமேஸ்வரியின் காது.

மயில்வாகனத்தார் குடியேற்றத்தில் மதிப்பான கமக்காரர். வயலைவிட மேட்டுக்காணியில் அவர் வைத்திருந்த கத்தரித் தோட்டத்தில்தான் அவருடைய உயிர் இருந்தது. எங்கள் கலியாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. ஊரிலிருந்த அம்மாவுக்குச் சம்மதம். பரமேஸ்வரிக்கும் சம்மதம் என்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன். மயில்வாகனத்தார் மட்டும், "வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முதற்காய் ஆய்ஞ்சு அனுப்புறதாய் நேத்தி வைச்சிருக்கிறன். அது முடியட்டும், முடிவு சொல்லுறன்" என்றிருந்தார். ஆக, என் வாழ்க்கை அந்த வருடம் கத்தரிக்காயில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பேச்சைக் கொண்டு நடத்தியவர் செல்லத்துரை அண்ணை. குடியேற்றத்தில் எந்தக் கலியாணம் என்றாலும் அவர்தான் பேசி முடிப்பார். பேச்சில் தேன் வடியும். ஆனால் அவருடைய சொந்தக் கதை வேறு. பல வருடங்களுக்கு முன்னர் முள்ளியவளைப் பக்கத்திலிருந்து நாகம்மா அக்காவைச் சைக்கிளில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தவர், வந்ததோடு சரி. தாலியும் கட்டவில்லை, எழுத்தும் எழுதவில்லை. (கலியாணப் பதிவை நாங்கள் எழுத்து என்போம்.) ஐந்து பிள்ளைகள், ஐந்தும் ஆண். ஊருக்கே கலியாணம் செய்து வைக்கிறவருக்குக் கலியாணம் நடக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் கதைப்பதில்லை. அந்த ஒரு விடயத்தில் எங்கள் சனத்துக்கு நல்ல நாகரிகம் இருந்தது.

சித்திரை வெயிலோடு கத்தரித் தோட்டத்துக்குச் சனி பிடித்தது. இலையில் ஊசியால் குத்தியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. பிறகு இலை மஞ்சளாகி, செப்பு நிறமாகி, உதிர்ந்தது. இலையின் பின்பக்கத்தில் மெல்லிய வலை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் சிவப்புத் தூள் போல ஏதோ ஊர்ந்தது. மயில்வாகனத்தார் மலேரியாக்காரர் நுளம்புக்கு அடிக்கும் டி.டி.ரி. மருந்தில் கொஞ்சம் வாங்கிக் கரைத்து அடித்தார். அதன் பிறகு அந்தச் சிவப்புத் தூள் முன்னையதைவிட மும்மடங்காகப் பெருகியது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான்.

அவர் விவசாயக் கந்தோருக்குப் போய் நின்ற நிலையில் நின்று, பூச்சிகளைப் பற்றிப் படித்த ஒரு பெரிய உத்தியோகத்தரை மலைநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டார். சனம் அவருக்கு உடனே பூச்சித்துரை என்று பெயர் வைத்தது. நல்ல மனிதர். சிங்களமும் இங்கிலிஷும் பேசுவார், தமிழ் ஒரு சொல் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டிய விவசாயப் போதனாசிரியர் அன்று பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"அதுக்கென்ன, எங்கடை மனேச்சர் தம்பி இருக்கிறார். அவருக்கு இங்கிலிஷ் தண்ணி பட்ட பாடு" என்றார் மயில்வாகனத்தார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் மிதந்தேன். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சட்டை, கழுத்தில் இரவல் ரை, அந்த வெயிலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மயில்வாகனத்தாரின் முற்றத்தில் பாய் விரித்து ஆண்கள் இருந்தார்கள். குசினிப் பக்கம் பெண்கள். முன்னுக்குப் போட்டிருந்த வாங்குப் பலகையில் செல்லத்துரை அண்ணை, பக்கத்தில் அவருடைய ஐந்து பெடியன்களும் உயர வரிசையில். என் பெருமையைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று நெஞ்சு குளிர்ந்தது.

துரை ஒரு கத்தரி இலையைப் பிடுங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, முதல் வசனத்தைச் சொன்னார். இது பூச்சி இனமல்ல, மைற் என்று.

மைற் என்ற ஒலிக்கு நான் பள்ளியில் படித்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: 'மே, மைற்' என்று ஒப்புவித்த 'கூடும்'.

"இது பூச்சி இல்லையெண்டு துரை சொல்லுறார்" என்று தொடங்கினேன். "ஆனால்... பூச்சியாய் இருக்கவும் கூடும்."

துரை அடுத்ததாக, இதைச் சிவப்புச் சிலந்தி மைற் என்றும் சொல்வார்கள் என்றார்.

"சிவப்புச் சிலந்தியாயும் இருக்கக் கூடுமாம்."

செல்லத்துரை அண்ணை கையை உயர்த்தினார். "தம்பி, துரைக்கே நிச்சயம் இல்லையோ?"

"ஓமடா தம்பி, கூடும் கூடும் எண்டு சொல்லுறதுக்கோ மனுசன் இவ்வளவு தூரம் வந்தவர்?" என்றார் மயில்வாகனத்தார்.

அப்போது குசினி வாசலிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "மைற் எண்டது அந்தச் சாமானின்ரை பேராக்கும், அப்பா." பரமேஸ்வரி. அவளும் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள் என்பதும், பால்மாப் பேணியை அவளாலும் வாசிக்க முடியும் என்பதும் அந்தக் கணம்தான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் கடையில் என் விளக்கத்தை எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றாள் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

"ஓமோம், அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றேன்.

துரை ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து, இலையை அதன் மேல் தட்டினார். விழுந்த பொட்டுகள் நடக்கத் தொடங்கின. பூதக்கண்ணாடி கைக்குக் கை போனது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம் என்று துரை விளக்கினார். இலையின் சாற்றை உறிஞ்சுவது இதுதான். நூல் விட்டுக் காற்றில் பறந்து போகும், தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கிற ஆட்களின் உடுப்பில் ஒட்டிக்கொண்டும் வரும் என்றார். நான் அதை நேர்மையாக மொழிபெயர்த்தேன். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி நாள் தவறாமல் ஊர்த் தோட்டங்களைக் கடந்து அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்து டி.டி.ரி. விவகாரம். இந்தச் சிலந்தியைத் தின்னுகிற சின்ன வண்டுகள் தோட்டத்தில் இருந்தன, மருந்து அவற்றைத்தான் கொன்றது, சிலந்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் துரை. மயில்வாகனத்தார் தலையைக் குனிந்துகொண்டார். வெயில் ஏறியது. பாயில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் சாய்ந்தே விட்டார். என் மொழிபெயர்ப்பில் உயிரில்லை என்று எனக்குப் பட்டது. பரமேஸ்வரிக்கு முன்னால் இப்படி முடிந்துவிடக் கூடாது என்றும் பட்டது.

துரை இந்த நேரம் பார்த்து வாழ்க்கை வட்டத்துக்கு வந்தார். முட்டை, குஞ்சு, தோல் கழற்றல், அசையாமல் கிடக்கும் பருவம் என்று அடுக்கினார். இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த சொற்களை எடுத்து விட்டேன்.

"முட்டையிலை இருந்து வரேக்கை ஆறு கால்தான். ஒரு சட்டை கழட்டினவுடனை எட்டுக் கால் வந்திடும். பிறகு இன்னும் ரெண்டு சட்டை கழட்டோணும். கடைசிச் சட்டை கழட்ட முன்னம் பொம்பிளை ஒரு இடத்திலை அசையாமல் கிடப்பா. எங்கடை பொம்பிளையள் மணவறையாலை எழும்பிக் கூறைச் சீலை மாத்தப் போறேல்லையோ, அதுதான் இது."

சாய்ந்து கிடந்தவர் எழும்பி இருந்தார்.

"அப்ப மாப்பிளை?" என்று யாரோ கேட்டார்கள்.

துரையிடம் கேட்டேன். ஆண் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே காவல் நிற்கும் என்றார்.

"எங்கடை மாப்பிளை மணவறையிலை குந்திக்கொண்டு இருப்பார். இந்த மாப்பிளைக்குப் பொறுமையில்லை. அறை வாசலிலையே நிப்பார். வேறையொருத்தன் வந்தால் அவனோடை அடிபாடு!"

முற்றம் குலுங்கியது. குசினிப் பக்கமும் சிரித்தது. பூச்சித்துரை பிரமித்துப் போனார். பூச்சிகளின் தோலைப் பற்றிச் சொல்லி இவ்வளவு கைதட்டல் வாங்கிய அனுபவம் அவருக்கு அதற்கு முன் இருந்திருக்காது. முகம் மலர, இன்னும் சுவையான ஒரு விடயம் இருக்கிறது என்றார். எனக்கும் வெறி ஏறியிருந்தது. அவர் சொல்லி முடிக்கும் முன்னரே வாயைத் திறந்துவிட்டேன்.

"இன்னொரு புதினம் கேளுங்கோ! இந்தப் பொம்பிளை கலியாணம் கட்டாமலே முட்டை இடுவாவாம். ஆனால் பிறக்கிறது எல்லாம் ஆம்பிளைப் பிள்ளையள். ஒரு பெட்டையும் பிறவாது!"

சிரிப்பு நின்றது. விஞ்ஞானத்தின் மகிமையில் சனம் வாயடைத்துப் போயிற்று என்று நினைத்தேன். குசினி வாசலில் பரமேஸ்வரி இருமினாள். இன்னும் ஒருமுறை பலமாக இருமினாள். பாவம், அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

பின்வரிசையில் நிலைமை விளங்காத ஒருவர், "அப்ப பெட்டை பிறக்கிறதெண்டால்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"அதுக்கு ஒழுங்காய்க் கலியாணம் கட்டோணும்!" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். துரை சொல்லாததையும் சேர்த்தேன். "தாலி கட்டி, எழுத்து எழுதி!"

சொல்லிக்கொண்டே பார்வையை முன் வாங்குக்குத் திருப்பினேன். உயர வரிசையில் ஐந்து பெடியன்கள். அவர்களுக்குப் பக்கத்தில் செல்லத்துரை அண்ணையின் முகம். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போல இருந்தது.

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். "எழும்புங்கோடா" என்றார். ஐந்தும் எழும்பின. நாகம்மா அக்கா குசினிப் பக்கமிருந்து வந்து சேர்ந்துகொண்டா. அந்த ஊர்வலம் வேலிப் படலையைத் தாண்டிப் போனது. அவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று துரை என்னிடம் கேட்டார். உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார் என்றேன். (அன்று நான் பிழையில்லாமல் பேசிய ஒரே இங்கிலிஷ் வசனம் அதுதான்.)

துரை கடைசியாக மருந்து சொன்னார். இலையின் பின்பக்கத்தைத் தண்ணீர் விசிறிக் கழுவ வேண்டும், காலையில் கந்தகத் தூள் தூவ வேண்டும், காய்ந்த இலைகளைக் கூட்டி எரிக்க வேண்டும். அதை ஒரு சொல்லும் கூட்டாமல் மொழிபெயர்த்து முடித்தேன். எல்லாரும் போன பிறகு மயில்வாகனத்தாரிடம் போனேன்.

"ஐயா, எங்கடை அந்தக் கதை..."

"அந்தக் கதை கதைக்கிற மனுசன் எழும்பிப் போட்டுதே, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். "அந்தாளின்ரை முகத்தைப் பார்க்க எனக்கு வெக்கமாய்க் கிடக்கு. நீர் போம்."

அடுத்த நாள் முதல் கடைக்கு வந்தவர்கள் சீனியோடு சிரிப்பையும் வாங்கிப் போனார்கள். "மனேச்சர், கூறை மாத்தியாச்சோ?" என்று கேட்டார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. செல்லத்துரை அண்ணை கடை வாசலைக் கடக்கும்போது குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு போனார், மழையும் இல்லை. அதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத எனக்காகக் கோழிமுட்டையும் தேனும் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வரை போய் அம்மாவோடு கதைத்த மனிதர். மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பின்னால் நின்று அழுதேன். கடையில் வேறு மறைவிடம் இல்லை.

பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படலையில் நாகம்மா அக்கா நின்றா.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேணுமெண்டு சொல்லேல்லை. அது பூச்சியின்ரை கதை."

அவா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "தம்பி, நான் எத்தினை வருஷமாய் இந்த மனுசனிட்டை எழுத்து எழுதுவம் எழுத்து எழுதுவமெண்டு கேட்டிருப்பன்? ஊரிலை ஒரு கலியாண வீட்டிலை முன்னுக்கு நிண்டு ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிடுறேல்லை. அது உங்களுக்குத் தெரியுமோ? நான் அழுது கேட்டும் அந்தாளுக்கு விளங்கேல்லை. ஒரு பூச்சி சொல்ல விளங்கியிருக்கு. நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்?"

எங்கள் சனத்தின் நாகரிகம் என்று நான் நினைத்திருந்தது, அவாவுக்கு அத்தனை வருடங்களும் எப்படி இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் செல்லத்துரை அண்ணை கடைக்கு வந்தார். குடையை மடக்கினார்.

"வெள்ளிக்கிழமை அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாரும். பதிவுகாரரிட்டைப் போறம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும்."

"அண்ணை, நான்..."

"கையெழுத்து மட்டும். வாயைத் திறக்கப்படாது."

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் முதலில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. நாகம்மா அக்கா கூறை மாற்றக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அறைக்குள் போனா. செல்லத்துரை அண்ணை பதற்றத்தில் அங்குமிங்கும் நடந்து, கடைசியில் அந்த அறை வாசலில் போய் நின்றுகொண்டார். அவருடைய ஐந்து பெடியன்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவன் முதலில் வெடித்துச் சிரித்தான். பிறகு மற்றவர்கள். அண்ணைக்கு நடந்தது விளங்க, என்னைத் திரும்பி முறைத்தார். நான் கட்டளைப்படி வாயைத் திறக்கவில்லை. முறைத்துக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார்.

கந்தகமும் தண்ணீரும் வேலை செய்தன. உதிர்ந்தது போக மிஞ்சிய செடிகள் துளிர்த்தன. மயில்வாகனத்தார் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நினைத்த அளவு இல்லாவிட்டாலும் ஒரு கடகப் பெட்டி நிறையக் காய் அனுப்பினார். செல்லத்துரை அண்ணை தானாகவே போய் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார். ஆவணியில் எங்கள் கலியாணம். பரமேஸ்வரி கூறை மாற்ற எழும்பிப் போனதும் பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அறை வாசலில் வைத்து, "மாப்பிளை, இஞ்சை இருந்தால் வசதி" என்றார்கள். ஐயர்கூடச் சிரித்தார். ஆலாத்தி எடுத்தது நாகம்மா அக்கா.

அடுத்த வருடம் அவாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அத்தோடு பூச்சித்துரையின் விஞ்ஞானம் குடியேற்றத்தில் அசைக்க முடியாத வேதமாகிவிட்டது. அதன் பலனை அனுபவித்தவன் நான். எங்களுக்கு முதற்பிள்ளை ஆண். செல்லத்துரை அண்ணை கற்கண்டோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, "தம்பி, எழுத்து ஒழுங்காய்த்தான் எழுதினதோ?" என்றார். இரண்டாவதும் ஆண். மாமாவுக்கு, அதாவது மயில்வாகனத்தாருக்கு, பகிடி பொறுக்கவில்லை. எங்கள் கலியாணப் பதிவுப் பத்திரத்தைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி விறாந்தையில் மாட்டிவிட்டார். மூன்றாவதும் ஆண், நான்காவதும் ஆண். பத்திரம் தொங்கிக்கொண்டே இருந்தது. பிற்காலத்தில் ஊர் ஊராக ஓடிய ஓட்டங்களில் அலுமாரி போனது, சைக்கிள் போனது, வீடே போனது. அந்தச் சட்டத்தைப் பரமேஸ்வரி சீலையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

போன மாதம் கனடாவிலிருந்து மூத்த மகன் தொலைபேசி எடுத்தான். அவனுக்குப் பெண்குழந்தை. எங்கள் குடும்பத்தில் முதற்பெட்டை. பரமேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய், சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினாள்.

"இஞ்சருங்கோ, இனி இது தேவையில்லை. சாட்சி வந்திட்டுது."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருடத்தில் அது மட்டும் எனக்குப் பழகவில்லை.

"துரை சொன்ன கணக்குப்படி பார்த்தால், அது மகன்ரை கலியாணத்துக்குத்தானே சாட்சி" என்றேன். "எங்கடைக்கு இல்லையே."

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தைத் திரும்பவும் அதே ஆணியில் மாட்டிவிட்டாள்.